ஒன்றுகூடிப் படிக்க எந்த நூல்?

நூலைத் தனியே படிப்பது ஓர் இன்பம். பலர் ஒன்றுகூடிப் படிப்பது மற்றோர் இன்பம். தனியே படிக்க நமக்குப் பிடித்த நூலை நாமே எடுத்துக்கொள்ளலாம். எவரையும் கேட்க வேண்டியதில்லை. கூடிப் படிக்கவோ, ஏட்டைத் திறப்பதற்கு முன்னரே ஒரு கேள்வி எழுந்து நிற்கும்: எந்த நூல்? சாலாக் செலாத்தான் வட்டாரத்துப் பெற்றோர்களாகிய நாங்கள் இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றை, இவ்வாண்டு மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்களுக்கும் தோட்டத்து உடன்பிறப்புகளுக்கும் எடுத்துரைக்க விழைகிறோம்.

ஒன்றுகூடிப் படித்தல் நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், மாலை வேளையில் லயத்து வாசலில் எழுத்தறிந்த ஒருவர் ‘தமிழ் நேச’னையோ ‘தமிழ் முர’சையோ உரக்கப் படிப்பார், பால் வெட்டிக் களைத்தவர்கள் சுற்றியமர்ந்து கேட்பார்கள். நல்லதங்காள் கதையும் விக்கிரமாதித்தன் கதையும் பெரிய எழுத்துப் புத்தகங்களாகக் கைக்குக் கை மாறின. 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’, 1950இல் சுப. நாராயணனையும் பைரோஜி நாராயணனையும் கொண்டு ‘கதை வகுப்பு’ ஒன்றை நடத்தியது. முகமறியாத வாசகர்கள் பல ஊர்களிலிருந்து அஞ்சலில் கதைகளை அனுப்பி, நாளேட்டின் வழியே பாடம் கற்றனர். ஓரிடத்தில் கூடாமலேயே ஒரு வகுப்பில் அமர முடியும் என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர். அந்நாளேடு 2019இல் நின்றுபோயினும் அது விதைத்த விதை வீணாகவில்லை.

எங்கள் வாசிப்பு வட்டம் பிறந்தது 2020ஆம் ஆண்டில். அவ்வாண்டிற்கான உலக நூல் தலைநகராகக் கோலாலம்பூரை யுனெஸ்கோ நிறுவனம் தேர்ந்தெடுத்திருந்தது. ஏப்ரல் 23ஆம் நாள் தொடங்கவேண்டிய அந்தச் சிறப்பாண்டு வந்தபோது, பெருந்தொற்றின் காரணமாக மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்தது. பள்ளியும் நூலகமும் புத்தகக் கடையும் மூடிக்கிடந்தன. சாலாக் செலாத்தானிலிருந்து மூன்றாவது ரயில் நிலையத்தில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். அங்குச் சென்று ஒரு தமிழ்ப் புத்தகம் வாங்கவும் வழியில்லை. நூலுக்கென்று ஒதுக்கிய ஆண்டில் நூலைத் தொட முடியவில்லை!

அந்நிலையில் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரு புலனக் குழுவில் இணைந்தோம். எங்களில் சிலர் சாலாக் செலாத்தான் அடுக்குமாடிகளில் வாழ்பவர்கள். சிலர் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் உறவினர்கள். ஒரு குடும்பத்தார் கோல லங்காட் பகுதியில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். ஞாயிறுதோறும் இரவு எட்டு மணிக்கு இயங்கலையில் கூடி, ஒருவர் உரக்கப் படிக்க ஏனையோர் கேட்பது என்று முடிவாயிற்று. தோட்டத்தில் இணையத் தொடர்பு அடிக்கடி அறுந்துவிடும். ஆகவே படிப்பதைக் குரல் பதிவாகவும் அனுப்பி வைத்தோம். காலையில் பிரட்டுக்குப் போகுமுன் அதைக் கேட்டுவிடுவதாகத் தோட்டத்து அண்ணன் கூறினார்.

கூடியாயிற்று, நூல் எது? எங்களுள் ஒன்பது குடும்பத்தார் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைச் சொன்னார்கள். அதற்கு நல்ல காரணமும் இருந்தது. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையாக்கப்பட்டவை. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், அதன் ஐந்து பாகங்களையும் இணையத்தில் ஏற்றி வைத்துள்ளது. காசின்றிக் கிடைக்கும் நூல், வீரமும் சூழ்ச்சியும் நிறைந்த கதை, பிள்ளைகளும் விரும்புவர். வேறென்ன வேண்டும்?

அப்பொழுது, பேத்தி பிடித்திருந்த கைப்பேசியின் வழியாக ஒரு மூதாட்டி பேசினார். அவருக்கு அப்போது வயது எண்பத்து நான்கு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர், எழுத்தறியாதவர். “மொத்தம் எத்தனை பக்கம், தம்பி?” என்று கேட்டார். இரண்டாயிரத்திற்கு மேல் என்றோம். ஓர் இரவுக்குப் பதினைந்து பக்கம் படிக்கலாம் என எண்ணியிருந்தோம். அவர் பேத்தி கணக்கிட்டுச் சொன்னாள்: நூற்று முப்பது ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மேல், இரண்டரை ஆண்டு. “அதுவரைக்கும் நான் இருக்கணுமே” என்றார் மூதாட்டி. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அவரே, “சயாமுக்குப் போனவங்களப் பத்தி யாராச்சும் எழுதியிருக்காங்களா?” என்று வினவினார்.

எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் மலாயாவைக் கைப்பற்றிய சப்பானியர், சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதையைக் காட்டின் நடுவே போட்டனர். அதற்காகத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களுள் பல்லாயிரவர் பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அத்துயரத்தை ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் புதினமாக 1993இல் வெளியிட்டார். அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ என்னும் புதினம் 2005இல் வந்தது. நம் நாட்டில் நம்மவர் எழுதிய இந்நூல்களை எங்களுள் இருவர் மட்டுமே படித்திருந்தோம்.

ஒன்பதுக்கு மூன்று என்று கைகளை எண்ணியிருந்தால் ‘பொன்னியின் செல்வன்’ வென்றிருக்கும். ஆயினும் கைகளை எண்ணுவதொன்றே தேர்வாகுமா? தனக்கு வேண்டிய நூலைத் தானே எடுத்துப் படிக்க வல்லவர்கள் நாங்கள். பிறர் படித்தாலன்றி அவருக்கு அந்நூல் கிடைக்கவே கிடைக்காது. இதை எண்ணியபோது எங்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எனினும் ஓர் ஐயம் எழுந்தது. பத்து வயதுப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்க, இத்தனை சாவுகளைப் படிக்கலாமா? ஒரு தாயார் வேண்டாம் என்றார். அவருடைய அச்சம் தாய்மைக்குரியது. வேறொருவர், “நம் பாட்டன் பட்ட பாட்டை நம் பிள்ளை நம்மிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பான்?” என்றார். இரண்டு வாரம் கலந்துரையாடி ஒரு வழி கண்டோம். படிப்பவர் முன்னதாகவே நூலை முழுவதும் படித்து, பிள்ளைகள் கேட்கத்தக்க பகுதிகளைக் குறித்துவிட வேண்டும். எஞ்சியவை ஒன்பது மணிக்குமேல், பிள்ளைகள் உறங்கச் சென்றபின் பெரியவர்களுக்காகப் படிக்கப்பெறும்.

நூலைப் பெறுவதிலும் ஒரு நெறியை வகுத்தோம். பக்கங்களைப் படமெடுத்துக் குழுவில் பகிர்வது எளிது; எனினும் அதைத் தவிர்த்தோம். நம் நாட்டுத் தமிழ் எழுத்தாளர் பலர் சொந்தப் பணத்தில் நூலை அச்சிட்டுத் தாமே சுமந்து விற்பவர்கள். அவர்கள் உழைப்பைக் காசின்றிக் கொள்ளுதல் முறையாகாது. தலைக்கு ஐந்து வெள்ளி சேர்த்து இரண்டு படிகள் வாங்கினோம். 1950களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்க் கல்விக்காகத் தோட்டத் தொழிலாளர்களும் ஒரு வெள்ளி, ஒரு வெள்ளியாக வழங்கினர். அவர்தம் பேரர்களாகிய நாம் ஐந்து வெள்ளி கொடுப்பது அரிதா?

படிக்கத் தொடங்கினோம். நான்காம் ஞாயிற்றுக்கிழமை மூதாட்டி இடைமறித்தார். தம் தந்தை 1943இல் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார் என்றும், தமக்கு அப்போது ஏழு வயது என்றும், ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லியே அழைத்துப் போனார்கள் என்றும் கூறினார். அவர் திரும்பவில்லை, இறந்தார் என்ற செய்தியும் வரவில்லை. செய்தி வராமையால் அவர் தாயார் பல ஆண்டுகள் தாலியைக் கழற்றவேயில்லை. இறந்த நாள் தெரியாமையால் ஆடி அமாவாசையில் படையல் இட்டு வந்தனர். ஐந்தாம் ஆண்டில் பயிலும் சிறுவன் ஒருவன், “பாட்டி, உங்கள் அப்பா பெயர் என்ன?” என்று கேட்டான். அவர் பெயரைச் சொன்னார். அப்பெயரை அவருடைய பேரப்பிள்ளைகளே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டனர். அருகிலிருந்த பேத்தி அதனைத் தன் பள்ளிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அன்றுமுதல் எங்கள் வட்டத்தில் ஒரு மாற்றம் உண்டாயிற்று. எழுத்தறியாத மூதாட்டி எங்களுக்கு ஆசிரியரானார். பிரட்டு, மங்கு, கங்காணி, ஆயாக் கொட்டகை முதலிய சொற்களுக்கு எங்கள் பிள்ளைகள் அகராதியைத் தேடவில்லை, அவரையே கேட்டனர். தோட்டத்து அண்ணன் தம் தோட்டத்து முதியவர்கள் இருவரை அழைத்துவந்து பேச வைத்தார். நல்ல நூல்கள் உலகில் பல உண்டு. கூடிப் படிப்பதற்கு நல்ல நூல் எதுவெனில், கூடியிருப்போருள் கடைசியாக இருப்பவரும் தம் பங்குக்கு ஒன்றைச் சொல்லத் தூண்டும் நூலே என்று நாங்கள் தெளிந்தோம்.

பிறர் எவ்வாறு தேர்ந்தனர் என்பதையும் ஆராய்ந்தோம். சென்னையில் 1960களில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி அம்மையார் நடத்திய ‘வாசகர் வட்டம்’, உறுப்பினர்களுக்கென்றே நூல்களைத் தேர்ந்து வெளியிட்டது. அது 1968இல் ‘அக்கரை இலக்கியம்’ என்னும் தொகுப்பின் மூலம் கடல்கடந்த தமிழரின் எழுத்தைத் தமிழகத்தார் கையில் சேர்த்தது. தம் வீட்டுக் கதைகளே போதுமென்று அவர்கள் இருந்துவிடவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1998இல், நகரத்தார் அனைவரும் ஒரே நூலைப் படித்து உரையாடும் முயற்சியை நூலகத்தார் தொடங்கினர். நம் அண்டை நாடான சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் 2005இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளிலும் நூல்களைத் தேர்ந்தளித்தது. ஊருக்கு ஊர் முறை வேறு. எனினும் எந்நூல் என்று கேட்டுத் தெளிந்த பின்னரே எங்கும் படிப்புத் தொடங்கியது.

இவற்றைக் கருத்திற்கொண்டு எங்களுக்குச் சில விதிகளை அமைத்துக்கொண்டோம். முதலாவது, முறை வைத்துத் தேர்தல்: ஒரு நூல் நம் நாட்டுத் தமிழ் நூல், அடுத்தது பிற நாட்டு நூல், மூன்றாவது பிள்ளைகள் தேரும் நூல். இரண்டாவது, ஏறத்தாழ இருநூறு பக்கத்திற்கு மிகாமை. மூன்றரை மாதத்தில் முடியும் நூலில்தான் அனைவரும் இறுதிவரை நிற்கின்றனர். மூன்றாவது, முன்மொழிபவர் அந்நூலை முழுவதும் படித்தவராக இருத்தல். நான்காவது, முதல் மூன்று பக்கங்களை உரக்கப் படித்துப் பார்த்தல். கண்ணுக்கு இனிய நடை சில வேளை செவிக்கு இடறும். ஐந்தாவது, வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் காரணத்தைக் கேட்காமல் தள்ளிவிடாமை.

பிள்ளைகள் தம் முறை வந்தபோது ‘குட்டி இளவரசன்’ என்னும் சிறு நூலைத் தேர்ந்தனர். பிரெஞ்சு எழுத்தாளர் செந்த் எக்சுபெரி 1943இல் வெளியிட்ட அக்கதை, வெ. ஸ்ரீராம், ச. மதனகல்யாணி ஆகியோரின் மொழிபெயர்ப்பில் 1981இல் தமிழுக்கு வந்தது. ஊரைவிட்டுத் தொலைவில் தனித்து நிற்கும் சிறுவனின் கதை என்பதால், வீட்டிலேயே அடைபட்டிருந்த எங்கள் பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. மூதாட்டியும் அதை விரும்பிக் கேட்டார்.

‘பொன்னியின் செல்வ’னையும் நாங்கள் கைவிடவில்லை. 2021ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து விரும்பியோர் புதன்கிழமை இரவுகளில் அதனைத் தனியே படித்து வந்தோம். மூதாட்டி அதற்கும் வந்து சேர்ந்துகொண்டார். 2022இல், மூன்றாம் பாகம் நடந்துகொண்டிருக்கையில் அவர் மறைந்தார். அவர் தந்தையின் பெயர் இப்பொழுது அக்குடும்பத்தார் அனைவருக்கும் தெரியும். ஆடி அமாவாசைப் படையலில் அப்பெயரைச் சொல்லி அழைப்பதாகப் பேத்தி எங்களுக்குத் தெரிவித்தாள்.

மாணவச் செல்வங்களே! பள்ளியில் நிலாம் வாசிப்புத் திட்டத்தின்கீழ் எத்தனை நூல் படித்தீர்கள் என்று கணக்கெழுதுகிறீர்கள், அது நன்று. அவற்றுள் ஒரு நூலையேனும் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் கேட்க உரக்கப் படியுங்கள். எந்நூல் வேண்டும் என்று முதலில் அவரையே கேளுங்கள். பெற்றோர்களே, உங்களுக்கு ஓய்வில்லை என்பதை நாங்கள் அறிவோம். நாங்களும் கூலி வேலைக்கும் அலுவலகத்திற்கும் போய்த் திரும்புபவர்களே. ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் போதும். தோட்டத்து உடன்பிறப்புகளே, உங்கள் வாழ்வை எழுதிய நூல்கள் தமிழில் உள்ளன. அவற்றைப் படிக்கும்போது, இது சரி, இது இப்படியன்று என்று எடுத்துச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் வேறு எவருமில்லர்.

எங்கள் வட்டம் இன்றும் ஞாயிறுதோறும் இரவு எட்டு மணிக்குக் கூடுகிறது. அடுத்த நூலைத் தேர்ந்தெடுக்கும் முறை பிள்ளைகளுடையது. சேர விரும்புவோர் நம் பள்ளி நூலகப் பொறுப்பாசிரியரிடம் பெயரைக் கொடுக்கலாம். எழுத்தறியாத பெரியவர்கள் வீட்டிலிருப்பின் அவர்களையும் தவறாது அழைத்து வருக.