மாளிகைகளின் காலடியில் ஒரு பாத்தி

நியூயார்க் என்றதும் உங்கள் மனக்கண் முன் என்ன வருகிறது? அண்ணாந்து பார்த்தால் கழுத்துச் சுளுக்கிக் கொள்ளும் கட்டிடங்கள்தானே? வாருங்கள், இன்று அவற்றை விட்டுவிட்டு, அவற்றின் காலடியிலே குழந்தைகள் போட்ட பாத்திகளைப் பார்த்து வருவோம்.

முதலில் மன்ஹாட்டன் தீவின் மேற்குக் கரை. இங்கே டிவிட் கிளின்டன் பூங்காவில் குப்பை மண்டிக் கிடந்த ஒரு பகுதியை 1902-ல் சீர்படுத்தி, அக்கம்பக்கத்து ஏழைக் குழந்தைகளுக்குப் பாத்தி பாத்தியாகப் பங்கிட்டுக் கொடுத்தார் ஸ்ரீமதி ஃபேனி பார்ஸன்ஸ். காய்கறி அவருக்கு ஒரு சாக்குத்தான். பொதுச் சொத்தைத் தன் சொத்தைப்போல் பேண வேண்டும், உழைப்பதிலே கௌரவம் உண்டு, அடுத்தவன் பாத்தியில் கை வைக்கக் கூடாது என்பவையே அவர் நடத்திய பாடங்கள். அந்தப் பண்ணை இன்று இல்லை. ஆனால் அம்மையார் போட்ட விதை வீண்போகவில்லை.

ஆற்றைக் கடந்து புரூக்லினுக்குப் போவோமா? முன்பு சாம்பல் கொட்டிவந்த இடத்தில் 1910-ல் எழுந்தது இங்குள்ள தாவரவியல் தோட்டம். அதற்குள்ளே எல்லன் எட்டி ஷா என்ற ஆசிரியை 1914-ல் குழந்தைகளுக்கென்றே ஒரு தோட்டம் தொடங்கினார். நூறாண்டு தாண்டியும் அது நடந்து வருகிறது! விதைப்பதும் களை பறிப்பதும் குழந்தைகள்தாம். விளைந்ததை வீட்டுக்குக் கொண்டு போவதும் அவர்களே.

இதில் என்ன பெரிய படிப்பு என்கிறீர்களா? மண்புழுவைக் கண்டு அலறிய குழந்தை, அது மண்ணைப் பொலபொலவென்று ஆக்குவதைப் பார்த்த பிறகு அதை மிதிக்க மாட்டாள். தேனீ வராவிட்டால் பூசணிப்பூ வெறும் பூவாகவே உதிர்ந்துவிடும் என்பதைக் கண்ணாரக் காண்பாள். அடுப்பங்கரையில் நாம் ஒதுக்கும் தோலும் காம்பும் மக்கி எருவானால் குப்பை என்ற வார்த்தைக்கே வேறு அர்த்தம் வந்துவிடும். தான் வளர்த்த கீரையென்றால் முகம் சுளிக்காமல் சாப்பிடுவாள் என்பது தாய்மார்களுக்குக் கிடைக்கும் உபரி லாபம்!

திரும்பவும் மன்ஹாட்டன். பௌரியும் ஹவுஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் பாழாய்க் கிடந்த மனையை 1973-ல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணியும் அவர் தோழர்களும் திருத்தினார்கள். பூட்டிக் கிடந்த மனைகளின் வேலிகளுக்கு மேலே விதை உருண்டைகளை வீசியவர்கள் இவர்கள்! நகரசபை 1974-ல் மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அந்த மனையை விட்டது. அதைப் பார்த்து ஊரெங்கும் தெருத் தோட்டங்கள் தோன்றின.

பச்சை படர்ந்தால் மனையின் விலையும் ஏறுமல்லவா? 1999-ல் நகர நிர்வாகம் 114 தோட்டங்களை ஏலம் போடப் புறப்பட்டது. ஜனங்கள் கொதித்தெழுந்து வீதிக்கு வந்தார்கள், வழக்குகளும் நடந்தன. கடைசி நேரத்தில், பாடகியும் நடிகையுமான பெட் மிட்லரின் நிறுவனமும் இன்னொரு தரும ஸ்தாபனமும் சேர்ந்து, சுமார் 42 லட்சம் டாலர் கொடுத்து அத்தனையையும் மீட்டன. இன்று அந்நகரில் 500-க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன.

கணக்குப் பிள்ளைக்கு அவை காலி மனைகள். அங்கே ஒரு தடவை விதை போட்ட குழந்தைக்கோ அப்படித் தோன்றாது. நாளைக்கு மறுபடி ஏல மணி அடித்தால், வாசலில் போய் நிற்கப் போகிறவளும் அவள்தானே!