பெயர் வந்தது, விளக்கம் வந்ததா?

விண்மீன் சாகுமா? சாகும்! சாகும் வேளையில் அது வெளியிடும் வாயு, பல்லாயிரம் ஆண்டுகள் வானில் ஒளிவீசும். அவ்வொளிமுகிலுக்குக் ‘கோள் நெபுலா’ என்று பெயர். பெயரில் கோள் உண்டு. பொருளில் கோள் இல்லை! 1781-இல் யுரேனஸைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷல், அடுத்த சில ஆண்டுகளில் மங்கிய வட்டங்கள் சிலவற்றைக் கண்டார். கோளின் வட்டம்போல் தோன்றவே அப்பெயர் இட்டார். பெயர் நிலைத்தது, அதனோடு பிழையும் நிலைத்தது.

பெயர் தெரிந்தால் பொருளும் தெரிந்ததாகக் கொள்ளும் மயக்கம் கொடிது. வகுப்பறையில் நாள்தோறும் நாம் போராடுவது அதனோடுதான். பெயரை விடுவோம், தோழர்களே, நிகழ்வதைப் பார்ப்போம்.

விண்மீனின் நடுவே ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. அவ்வெப்பமே, ஈர்ப்பு விசையால் விண்மீன் நொறுங்காமல் தாங்குகிறது. நடுவிலுள்ள ஹைட்ரஜன் தீர்ந்தால், உட்பகுதி சுருங்கும். வெளிப்பகுதி பருத்துச் சிவக்கும். பின்னர் ஹீலியம் கரியாகவும் ஆக்சிஜனாகவும் மாறும். சூரியனைப்போல் ஏறத்தாழ 8 மடங்குக்கு உட்பட்ட எடையுள்ள விண்மீன்கள், இறுதியில் தம் மேற்போர்வையைக் காற்றாக வெளியேற்றுகின்றன. எஞ்சிய உள்ளகமோ 30,000 பாகைக்கும் மேலான வெப்பத்துடன் புற ஊதாக் கதிரைப் பொழிகிறது. அக்கதிர் பட்டு வாயு ஒளிர்கிறது. அதுவே நெபுலா!

இது வாயு என்று எவர் கண்டார்? 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ், ஒளியைப் பிரித்துக் காட்டும் கருவியை டிராகோ விண்மீன் குழுவிலுள்ள ஒரு நெபுலாவின்மீது திருப்பினார். வானவில்லின் வண்ணத்தொடர் வரவில்லை. தனித்தனி ஒளிக்கோடுகளே வந்தன. வாயு என்பது உறுதியாயிற்று. ஆனால், பச்சைக் கோடுகள் இரண்டு, அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. ‘நெபுலியம்’ என்ற புதுத் தனிமம் போலும் என்றனர். மீண்டும் பெயர் வந்தது, விளக்கம் வந்ததா? இல்லை!

1927-இல் ஐரா போவன் விடை கண்டார். இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனே அது! மண்ணுலகில் அணுக்கள் அடிக்கடி மோதுவதால் அவ்வொளி எழுமுன்பே அடங்கிவிடும். மிகமிக மெலிந்த நெபுலாவில் அதற்கு நேரமுண்டு. நெபுலியம் ஏட்டிலிருந்து நீங்கிற்று. அறியாததை அறியாதது என்று வைத்துக்கொண்டு தேடியவர்கள் வென்றனர்.

“நம் சூரியனும் சாகுமா, ஐயா?” என்று சிறுவன் ஒருவன் நம்மைக் கேட்டான். பிஞ்சு உள்ளத்தை ஏன் கலக்க வேண்டுமென்று மழுப்புவோர் உளர். நாம் மழுப்பவில்லை. சாகும், ஆனால் இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகள் உள்ளன என்றோம். நம் உடலிலுள்ள கரியின் ஒரு பங்கு, முன்பு இவ்வாறு மாண்ட விண்மீன்கள் வழங்கியது என்பதையும் சொன்னோம். அஞ்சுவான் என்று பார்த்தால், “எப்படித் தெரியும்?” என்றல்லவா கேட்டான்!

அந்தக் கேள்வியை அணையாமல் காப்பதே நம் பணி.