தன்னூர் ஆட்டமும் அயலூர் ஆட்டமும்

துறை மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு பேராசிரியர் பணித்தபோது, இலக்கியக் கட்டுரை ஒன்றையே அவர் எதிர்பார்த்திருப்பார். ஆயினும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில், வருகைப் பதிவேட்டின் முன் பல்லாண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு இலக்கியம் பேசும் தகுதி இன்று எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பது ஐயமே. எனவே நான் நன்கறிந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அது கால்பந்தாட்டம் பார்க்கப் போவது. ஆடுவதன்று, பார்க்கப் போவது.

நான் இத்துறையில் பயின்ற நாளில் விழா ஒன்றில் பட்டிமன்றம் நடந்தது. விசுவாசத்தில் விஞ்சி நிற்பவன் கும்பகருணனா, வீடணனா என்பது தலைப்பு. நான் கும்பகருணன் அணி. செஞ்சோற்றுக்கடன் என்னும் சொல்லை அன்று எத்தனை முறை முழங்கினேன் என்பதற்குக் கணக்கில்லை. நடுவர் எங்கள் பக்கமே தீர்ப்பளித்தார். அன்று எனக்குத் தோன்றாத வினா ஒன்று பின்னாளில் தோன்றியது. சோறே போடாத ஒன்றுக்கு மனிதன் ஏன் கடன்படுகிறான்? ஓர் ஆட்டக் குழு தன் இரசிகனுக்கு எதுவும் தருவதில்லை. அவன்தான் சீட்டுக்கும் சட்டைக்கும் பணம் கொடுக்கிறான். தோற்றால் அவன்தான் உண்ணாமல் உறங்குகிறான்.

சென்னையின் எஃப்.சி. 2014ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் போட்டியோடு பிறந்த குழு. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று நேரு விளையாட்டரங்கில் தன் முதல் உள்ளூர் ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸை 2-1 என வென்றது. அந்த ஆட்டத்துக்குத்தான் நான் முதன்முதலாகப் போனேன். காலை ஷிப்டு முடித்து, கும்மிடிப்பூண்டியில் மின்தொடர்வண்டி ஏறினால் கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் என ஊர்ந்து சென்று, மூர் மார்க்கெட் முனையத்தை அடைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து விக்டோரியா மண்டபத்தையும் ரிப்பன் மாளிகையையும் கடந்து நடந்தால் பெரியமேட்டில் அரங்கம். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திற்கு இரு இரும்புப் பாதைகள். ஒன்று எங்களுடைய வடக்குப் பாதை. மற்றொன்று ஆவடி வழியாகத் திருவள்ளூர் செல்லும் மேற்குப் பாதை. மாவட்டத் தலைநகரில் இருப்பவனை நான் காண வேண்டுமாயின் இரயிலில் சென்னைக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். ஆட்ட நாள்களில் இரு பாதைகளிலிருந்தும் நீலச் சட்டைகள் அந்த முனையத்தில் வந்து இறங்கும். மாவட்டம் உண்மையில் ஒன்றுகூடும் இடம் அதுதானோ என நான் நினைப்பதுண்டு.

அதே ஆண்டு டிசம்பர் 16. அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். கொச்சியில் 0-3 எனத் தோற்று வந்திருந்தோம். எவரும் நம்பாத வகையில் சென்னையில் மூன்று கோல்களை அடித்துச் சமன் செய்தோம். கூடுதல் நேரத்தின் 117ஆம் நிமிடத்தில் கேரளத்தின் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் அடித்தார். அவ்வளவுதான். அரங்கின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்வரை நான் இருக்கையை விட்டு எழவில்லை. பிறகு முனையத்துக்கு நடந்து வந்தபோது ஊருக்குச் செல்லும் கடைசி வண்டி போய்விட்டிருந்தது. செய்தித்தாளை விரித்துப் படுத்து, முதல் வண்டியில் ஏறி, முகம்கூடக் கழுவாமல் காலை ஷிப்டுக்குப் பதிவேட்டைத் திறந்தேன். வென்ற நாளில் யார் வேண்டுமானாலும் இரசிகராகலாம். நான் அந்த இரவில் ஆனேன்.

அடுத்த ஆண்டு மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தை நம் மக்கள் மறக்கமாட்டார்கள். நகரமே நீரில் நிற்கையில் ஆட்டம் எங்கே நடக்கும்? அரையிறுதியின் சென்னை ஆட்டம் புணேவுக்கு மாற்றப்பட்டது. எங்கள் குழு தன்னூர் ஆட்டத்தை அயலூரில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என வென்றது. டிசம்பர் 20 அன்று கோவாவின் பத்தோர்தா அரங்கில் இறுதியாட்டம். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் 1-2 எனப் பின்தங்கியிருந்த குழு, எதிரணிக் கோல்காப்பாளரின் தன் கோலாலும் மென்டோசாவின் கோலாலும் 3-2 எனக் கோப்பையை வென்றது. ஆலை வாயிலில் காவலரின் சிறு தொலைக்காட்சியில் அதைக் கண்டோம். வீட்டில் சேறு அள்ளி முடிக்காதவர்களும் அங்கே குதித்தார்கள்.

அயலூர் ஆட்டம் என்றால் என்ன என்பதை நான் நேரில் அறிந்தது 2018 மார்ச் 17 அன்று, பெங்களூரில். ஸ்ரீ கண்டீரவா அரங்கில் இறுதியாட்டம்; எதிரே பெங்களூரு எஃப்.சி. எங்கள் இரசிகர் கூட்டங்களான பி ஸ்டாண்டு புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் ஆகியவற்றைச் சேர்ந்தவர்களும், எதிலும் சேராத என்போன்றோரும் ஒரு மூலையில் நின்றோம். எங்கள் நீலமும் அவர்கள் நீலமும் தொலைவிலிருந்து ஒன்றுபோலவே தெரியும், ஓசைதான் வேறு. ஒன்பதாம் நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் அடித்தபோது அந்த அரங்கு எழுப்பிய ஓசையை என் உள்ளங்காலில் உணர்ந்தேன். தன்னூரில் கூட்டத்தின் குரல் நமக்குப் போர்வை. அயலூரிலோ நம் பக்கத்தில் நிற்பவனின் தோளைத் தவிரப் பற்றிக்கொள்ள வேறொன்றும் இல்லை. மெயில்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டும், ரஃபேல் அகஸ்டோ காலால் ஒன்றும் அடிக்க 3-2 என வென்றோம். எனக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒருவர் என் தோளில் சாய்ந்து அழுதார். அவரை மறுபடியும் நான் எங்கும் காணவில்லை.

இதுவரை பெருமை. இனிச் சொல்வதில் பெருமையில்லை. அடுத்த பருவத்தில் குழு பதினெட்டு ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று கடைசி இடத்தில் விழுந்தது. மூன்றாவது தோல்விக்குப் பின் நான் போவதை நிறுத்திக்கொண்டேன். ஷிப்டு இடிக்கிறது என்று வீட்டில் சொன்னேன். பதிவேடு என் கையில் இருக்கையில் அது எவ்வளவு பெரிய பொய் என்பது எனக்குத் தெரியும். ஓவன் காய்ல் பயிற்சியாளராக வந்து குழு மீண்டும் வெல்லத் தொடங்கியதும், மானமின்றித் திரும்பிச் சென்றேன். கும்பகருணனுக்காக முழங்கிய வாய் இதுதான்.

என் ஆலையில் ஹூக்ளி மாவட்டத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் பணிபுரிகிறார். உலைக்கு அருகில் வேலை. அவருடைய தந்தை சணல் ஆலைத் தொழிலாளி. மூன்று தலைமுறையாக அவர்கள் முகமதன் ஸ்போர்ட்டிங் குழுவின் இரசிகர்கள். 1891இல் தோன்றிய அக்குழு 1934இல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முதல் இந்தியக் குழுவாயிற்று. 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் அப்பட்டத்தை விடவில்லை. 1940இல் துராந்து கோப்பையும் அவர்களுக்கே. இவ்வளவையும் அவர் ஓய்வு நேரத்தில், அரைத் தமிழிலும் அரை இந்தியிலும் எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் பிறந்த காலத்திலோ அக்குழுவின் பழம்பெருமை பெரும்பாலும் கதையாகிவிட்டிருந்தது. ஐ.எஸ்.எல். தொடங்கிப் பல்லாண்டுகள் அதில் இடமும் இல்லை. ஆயினும் அவருடைய தங்குமிடத்துச் சுவரில் கறுப்பு வெள்ளைத் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டேயிருந்தது. நான் ஒரு பருவத் தோல்வியைப் பொறுக்காமல் ஒளிந்துகொண்டவன் என்பதை அந்தத் துண்டு அறிந்ததுபோல் எனக்குத் தோன்றும்.

2020 மார்ச் 14 அன்று எங்கள் குழு கொல்கத்தாவின் ஏ.டி.கே. குழுவுடன் கோவாவில் இறுதியாட்டம் ஆடியது. கொரோனா அச்சத்தால் பார்வையாளர் ஒருவரும் இல்லை. 1-3 எனத் தோற்றோம். பத்து நாள்களில் ஊரடங்கு. ஆலை வாயில் மூடப்பட்டது. எங்கள் தொழிற்பேட்டையை ஒட்டிச் செல்லும் பெருஞ்சாலை கொல்கத்தாவுக்குப் போகிற சாலை. அந்தக் கோடையில் அதன் ஓரமாக மூட்டைகளுடன் வடக்கு நோக்கி நடந்தவர்களை நாங்கள் எல்லாரும் கண்டோம். இவரும் ஆரம்பாக்கம் வரை நடந்து சென்று, எல்லையைக் கடக்க இயலாமல் திரும்பினார். அடுத்த இரு பருவங்களும் எல்லா ஆட்டங்களும் கோவாவிலேயே, பெரும்பாலும் பூட்டிய அரங்குகளில் நடந்தன. தன்னூர் என்று ஒன்று எந்தக் குழுவுக்கும் அப்போது இல்லை. 2022 அக்டோபரில்தான் பெரியமேட்டின் வாயில்கள் எங்களுக்குத் திறந்தன. அதுவும் நிலையான உரிமையன்று போலும். ஒப்பந்த இழுபறியால் 2025 செப்டம்பரில் லீக் வழக்கம்போல் தொடங்கவேயில்லை.

2024இல் ஐ-லீக் பட்டம் வென்று முகமதன் குழு முதல்முறையாக ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்தது. செப்டம்பர் 26, வியாழக்கிழமை, சென்னையில் எங்களோடு ஆட்டம். அன்று அவருக்கு மாலை ஷிப்டு. ஒப்பந்தக்காரர் விடுப்புத் தர மறுத்தார். பதிவேட்டில் வேறொருவரோடு முறையை மாற்றி எழுதினேன். என் பணிக்காலத்தில் விதியை நான் வளைத்த இடங்களில் இது ஒன்று, வருந்தவில்லை.

"என்னோடு உட்காருங்கள் தம்பி, சட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்" என்றேன், வண்டியில்.

"வேண்டாம் அண்ணா. அங்கே உட்கார்ந்தால் நான் கத்த முடியாதே" என்றார்.

அவர் தம் குழுவை நேரில் காண்பது அதுவே முதல்முறை. பதினேழு வயதில் ஊரைவிட்டு வந்தவர். கொல்கத்தாவில் காணக் கிடைக்காதது அவர் பிழைக்க வந்த ஊருக்குத் தேடி வந்திருந்தது. மற்றவர்களுக்கு அது முகமதனின் அயலூர் ஆட்டம். அவருக்கு அது என்ன ஆட்டம் என்று பெயரிட எனக்குத் தெரியவில்லை. எதிர்ப்புறத்து மூலையில் கறுப்பு வெள்ளையில் சிறு கூட்டம். அவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, ஊரிலிருந்த தந்தைக்கு அரங்கைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்ததை என் இருக்கையிலிருந்தே கண்டேன்.

நாங்கள் ஒடிசாவை அவர்கள் ஊரிலேயே வென்று வந்த செருக்கில் இருந்தோம். 39ஆம் நிமிடத்தில் லால்ரெம்சங்கா கோல் அடித்தார். அதற்குப் பின் எங்கள் பக்கம் எத்தனை முயன்றும் பந்து வலைக்குள் போகவில்லை. 0-1. ஐ.எஸ்.எல்.லில் முகமதன் பெற்ற முதல் வெற்றி எங்கள் அரங்கில் எழுதப்பட்டது.

திரும்பும் வண்டியில் நீலச் சட்டைகள் நிறைந்திருந்தன. அவர் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு என் எதிரில் அமர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். எண்ணூர் வரை பார்த்தேன். மீஞ்சூர் வரையும் பார்த்தேன். இருட்டில் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? மூன்று தலைமுறையின் மகிழ்ச்சியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் அமர்ந்திருக்கிறார். அதில் ஒரு சொல்லைக்கூடக் கேட்டுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும், "அண்ணா, ஷிப்டு மாற்றியதற்கு நன்றி" என்று மட்டும் சொல்லிச் சென்றார். ஒரு கோலுக்காக நான் அவ்வளவு சிறியவனானேன்.

அப்பருவத்தில் அவர்கள் குழு பதின்மூன்றாவதாக, கடைசியில் முடிந்தது. எங்களுடையது பதினொன்றாவது. ஒருவரை ஒருவர் எள்ளவும் இடமில்லை. இரண்டாவது ஆட்டம் 2025 ஜனவரியில், பொங்கல் விடுமுறையில், கொல்கத்தாவில் நடந்தது. இம்முறை நானே அவருடைய தங்குமிடத்துக்குப் போனேன். வீட்டுப் பொங்கலைத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டு சென்றிருந்தேன். ஒரே கைப்பேசியில் இருவரும் பார்த்தோம். நாங்கள் இரண்டு கோல் முன்னணியில் இருந்தோம். ஆட்டம் முடியும் தறுவாயில் முகமதன் ஒன்றைத் திருப்பியது. அவர் வாய் திறந்தது, ஓசை வரவில்லை. முதலில் என் முகத்தைப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்கு நான்தானே காரணம்? தேநீர் வாங்கி வருகிறேன் என்று சொல்லி எழுந்தேன். ஆட்டம் முடியட்டும் என்று அவர் தடுத்தார். கடை மூடிவிடும் என்றேன்; அது மூட வெகு நேரம் இருந்தது. கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுப் படியிறங்குகையில் உள்ளேயிருந்து கூச்சல் கேட்டது. பக்கத்து அறைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். 2-2 என்பதை எவரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று தேநீர் வாங்கினேன், அவருக்கு இரண்டு.