ஞாயிற்றுக்கிழமைக் கறி

ஞாயிறு மாலையில் பங்கு இல்லத்துச் சமையற்கார அம்மா தம் வீட்டிற்குச் சென்றுவிடுவார். அன்றிரவு அடுப்பு நம் பொறுப்பு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, எந்தப் பங்கிற்கு மாற்றப்பட்டாலும் இந்த வழக்கத்தை நாம் விட்டதில்லை. பெரும்பாலும் அன்று சமைப்பதும் ஒன்றே: பன்றி இறைச்சி சேர்த்து வறுத்த சோறு, துணைக்கு, அன்னாசியோ மாங்காயோ பேரிக்காயோ சேர்த்து வதக்கிய கறி. இளைஞர்கள் இதனைப் 'போர்க் ஃபிரைடு ரைஸ்' என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். அவ்விறைச்சியின் பெயரைச் சொல்லவே நமக்கு ஒரு காலத்தில் நா எழவில்லை. அதைப் பிறகு சொல்வோம், முதலில் சமையல்.

இதனை நாம் கற்றது உரோமை நகரில். 1999ஆம் ஆண்டு மேற்படிப்பிற்காக அங்குச் சென்றபோது, குருக்கள் தங்கும் இல்லத்தில் ஹாங்காங்கிலிருந்து வந்த ஒரு குருவானவர் நமக்கு அடுத்த அறையில் இருந்தார். சனிக்கிழமை மிஞ்சிய சோற்றை அவர் எவருக்கும் தரமாட்டார். ஞாயிறு இரவு அதனைச் சட்டியில் இட்டுப் புரட்டும்போது மாடி முழுதும் மணக்கும். நேற்றைய சோற்றுக்கு நாம் நீர் ஊற்றிப் பழையது ஆக்குகிறோம். அவர்கள் அதே சோற்றை நெருப்பில் புதியது ஆக்குகிறார்கள். வீணாக்கக் கூடாது என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொது.

சூடான சோற்றை வறுத்தால் குழைந்து ஒட்டிக்கொள்ளும். ஆறிக் குளிர்ந்த சோற்றில் மாவுச்சத்து இறுகிவிடுவதால் பருக்கை பருக்கையாக உதிரும். நம் புழுங்கலரிசிச் சோறு இயல்பிலேயே அதிகம் ஒட்டாது; ஆதலால் விலையுயர்ந்த அரிசியைத் தேட வேண்டியதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. கொதிநீரிலும் மடியாத நுண்ணுயிர் வித்துகள் அரிசியில் இருக்கக்கூடும். வடித்த சோற்றை நெடுநேரம் வெளியே வைத்திருந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும்; அந்நஞ்சு மறுபடி வறுத்தாலும் அழியாது. எனவே சோற்றை அகன்ற தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

இறைச்சியில் சிறிது கொழுப்பு இருக்கட்டும். நார் ஓடும் திசைக்குக் குறுக்காக மெல்லியதாக அரிந்து, சோயா சாஸ், மிளகுத்தூள், ஒரு கரண்டி சோளமாவு பிசறி இருபது நிமிடம் வைக்க வேண்டும். இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய் விட்டு, கால் கிலோவுக்கு மேற்படாமல் தவணை தவணையாக வறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் சட்டியின் சூடு தணிந்து, கறி நீர் விட்டு அவிந்துபோகும். உள்ளே சிவப்பு மறையும்வரை வேகட்டும். அரைவேக்காட்டுப் பன்றி இறைச்சியால் குடலில் நாடாப்புழு வளரும் என்பது உண்மை. ஆனால் அப்புழுவின் முட்டைகள் மனிதக் கழிவு கலந்த நீராலும் கழுவாத கைகளாலும் பரவி, இறைச்சியையே தொடாதவரின் மூளையைக்கூடத் தாக்கவல்லவை. குற்றம் பன்றியினுடையது மட்டுமன்று.

வறுத்த கறியை எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் முட்டையைக் கிளறி, பூண்டு, இஞ்சி, வெங்காயம், பொடியாக அரிந்த பீன்ஸ், கேரட் ஆகியவற்றை வதக்கி, சோற்றை உதிர்த்துப் போட்டு, பாதிக் கறியையும் சேர்த்துப் புரட்டி, வெங்காயத்தாள் தூவி இறக்கினால் சோறு முடிந்தது. மீதிக் கறி, பழத்திற்கு.

கொழுப்பின் கனத்தைப் புளிப்பே இறக்கும். இதனைப் பல சமூகங்கள் தனித்தனியே கண்டறிந்திருக்கின்றன. குடகு மக்கள் தம் பன்றிக் குழம்பில், கொடம்புளி வகைப் பழத்தின் சாற்றைக் காய்ச்சிய கருநிறக் காடியை ஊற்றுகிறார்கள். கோவாவின் விண்டாலூ, திராட்சை மதுவையும் பூண்டையும் குறிக்கும் போர்த்துக்கீசியப் பெயரிலிருந்து வந்தது. அங்கும் காடிதான் உயிர். நம் ஹாங்காங் நண்பரோ அன்னாசியைப் போட்டார். அன்னாசி அவர் நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் விருந்தாளி. 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் குவாடலூப் தீவில் அதனைக் கண்டார். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதனை இந்தியாவிற்குக் கொணர்ந்தனர். 'அன்னாசி' என்னும் சொல்லும் அவர்களோடு வந்ததே. இன்று கொல்லிமலை அன்னாசியை அந்நியப் பழம் என்று எவரேனும் ஒதுக்குகிறார்களா?

பழத்தை எப்போதும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. நாக்கு எரிவதும் அதனாலேயே. முற்றிய ஆட்டுக்கறியோடு நம் தாய்மார் பப்பாளிக்காய்த் துண்டு போடுவதும் இதே கணக்குத்தான். பச்சைக் கறியை அன்னாசியில் நெடுநேரம் ஊறவைத்தால் கூழாகிவிடும். வறுத்த கறியோடு, இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்னர்ச் சேர்த்து, பழத்தின் ஓரம் சற்றே சிவந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். முழுதும் கனிந்த பழம் கரைந்துபோகும். கெட்டியான பேரிக்காய், செங்காயான மாங்காய் இவை நன்று.

உரோமையில் முதல் கவளத்தை வாயில் இட்டபோது நமக்குத் தொண்டை அடைத்தது. அது நம்மைப் பெற்ற தாயாரின் கைச்சுவை. அவர் சோயா சாஸையோ அன்னாசியையோ அறியாதவர். ஆயினும் சித்திரை, வைகாசி மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைக் கறியில் மாங்காய்த் துண்டுகளைப் போடுவார். திருப்பலி முடிந்தபின் அப்பா ஊரின் கோடியில் கூறு போட்டு விற்கும் இடத்திற்குச் சென்று, கறியை இலையில் பொதிந்து துண்டுக்குள் மறைத்துக் கொண்டுவருவார். கறி வேகும்போது தெருக்கதவு சாத்தியிருக்கும். ஏன் சாத்தப்பட்டது என்பதை நம் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பன்றிக்கறி தின்பவர் இன்னார் என்று ஊர் ஒரு கணக்கு வைத்திருந்தது. கோயிலுக்குள்ளும் அக்கணக்கு நுழைந்தது.

1986ஆம் ஆண்டு இளங்குருமடத்தில் சேர்ந்தோம். ஞாயிறு அன்று உங்கள் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று உடன் பயின்ற ஒருவர் கேட்டார். "கோழி" என்றோம். அடுத்த மாதம் அம்மா பார்க்க வந்தபோது தூக்குச்சட்டியில் கறி கொணர்ந்திருந்தார். இரண்டு பேருந்து மாறி வந்தவர். சட்டியைத் திறந்ததும் மணம் பரவியது. நாம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இனிமே இதைக் கொண்டுவராதீங்கம்மா" என்றோம். அவர் நம் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "சரி சாமி" என்று மூடியை இறுக்கினார். அதுவரை தம்பி என்றே அழைத்தவர். அதன்பின் வரும்போதெல்லாம் முறுக்குக் கொணர்ந்தார். விடுமுறைக்குச் சென்ற நாள்களில்கூட வீட்டில் அக்கறி சமைக்கப்படவில்லை.

இக்கதையை உரோமையில் அந்த நண்பரிடம் சொன்னோம். அவர் ஒரு தாளில் சீன எழுத்து ஒன்றை எழுதிக் காட்டினார். மேலே ஒரு கூரை. அதன் கீழே ஒரு பன்றி. "இதுதான் எங்கள் மொழியில் வீடு" என்றார்.

லேவியர் நூல் பன்றியை விலக்கியதையும், முதியவரான எலெயாசர் அதனை உண்ண மறுத்து உயிர் கொடுத்ததையும் நாம் மதிக்கிறோம். இசுலாமியச் சகோதரர்களின் விலக்கையும் அவ்வாறே மதிக்கிறோம். அவர்கள் நம் இல்லத்திற்கு வரும் நாளில் சமையலும் வேறு, சட்டியும் வேறு. ஆனால் இறைவனுக்காக ஓர் உணவை விலக்குவது வேறு. உணவைக் காட்டி மனிதரை விலக்குவது வேறு. யோப்பாவில் விரிப்பைக் கண்ட பேதுரு, கொர்னேலியுவின் வீட்டில் நின்றபோதுதான் அக்காட்சியின் பொருளை உணர்ந்து பேசினார். அது உணவைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை.

2001இல் ஊர் திரும்பியபோது அம்மாவால் அடுப்படியில் நிற்க முடியவில்லை. ஒரு ஞாயிறு, தெருக்கதவைத் திறந்து வைத்து நாமே சமைத்தோம். அவர் முக்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல சொற்களை எண்ணி வைத்திருந்தோம். இரண்டு வாய் உண்டுவிட்டு, "புளிப்புப் பத்தல தம்பி, மாங்காய் போட்டிருக்கலாம்" என்றார். சொற்கள் வெளிவரவில்லை. 2004இல் அவர் இறந்தார். கேட்கப்படாத அந்த மன்னிப்பு நம்மிடமே இருக்கிறது.

அண்மையில் ஒரு ஞாயிறு இரவு, பீடச் சிறுவர் சிலர் நம்மோடு உண்ண அமர்ந்தனர். பேச்சு வாக்கில், தத்தம் வீட்டில் அன்று என்ன சமையல் என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டனர். ஒரு சிறுவன் தலையைத் தாழ்த்தி, "கோழி" என்றான். அந்தக் குரலை நாம் அறிவோம். "எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் பன்றிக்கறிதான். கதவைச் சாத்திக்கொண்டு தின்போம்" என்று பொதுவாகச் சொல்லி, சட்டியை மேசை நடுவில் வைத்தோம். யாரும் பேசவில்லை. உண்ண விரும்பாத இருவர் முட்டைச் சோற்றை எடுத்துக்கொண்டனர். அச்சிறுவன் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினான்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவன் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தான். "எங்கம்மா கொடுத்தாங்க, ஃபாதர்" என்றான். மற்றச் சிறுவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கோயில் வாசலிலேயே மூடியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து உண்டோம். காரம் மிகுதி, மாங்காய் இல்லை. அடுத்த முறை போடச் சொல்லியிருக்கிறோம்.