மூலமும் உரையும்

நல்ல தமிழ் எழுத விரும்புவோர் நல்ல நூல்களைக் கற்றல் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், கணினிக்கு நிரல் எழுதப் பயிலும் மாணாக்கரிடத்தில் பிறர் எழுதிய நிரலைக் கற்கும் வழக்கம் அரிதாகவே இருக்கின்றது. கண்டியிலும் பேராதனையிலும் நாம் காணும் இளைஞர் பலர் பிறர் நிரலைப் படியெடுக்கின்றனரேயன்றிப் படிக்கின்றாரிலர். இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவு கேட்டவுடன் நிரலை எழுதித் தந்துவிடுகின்றது. படிக்கப் பழகாதவர் அதிலுள்ள பிழையை எங்ஙனம் காண்பர்?

நம் முன்னோர் மூலத்தையும் உரையையும் சேர்த்தே பாடங் கேட்டனர். கணினி உலகிலும் இம்முறையைக் கைக்கொண்டார் ஒருவர் உண்டு. சிட்னி நகரில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜான் லயன்ஸ் என்பார், 1976-77இல் யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பிலிருந்து ஏறத்தாழ 9000 வரிகளை ஒரு நூலாகவும், அவற்றிற்குத் தாம் வகுத்த உரையை மற்றொரு நூலாகவும் தம் மாணாக்கர்க்கு அளித்தார். உரிமைத் தடையினால் அச்சேறாத அந்நூல் படியின்மேற் படியாகக் கைமாறிப் பரவிற்று. 1996இலேதான் வெளிப்படையாக அச்சேறிற்று.

நம் நாட்டிலும் தக்க சான்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை தாக்கியபின், இலங்கைத் தொண்டர்கள் ‘சஹன’ என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய உதவிய அதன் மூலநிரலை யாவரும் பார்க்கலாம், திருத்தலாம். 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அங்கும் அது பயன்பட்டது. இத்தகைய வேளையில் பிறர் நிரலைத் திறப்பவருக்கு அவகாசம் ஏது? ஒரு பெயர் தெளிவின்றி இருந்தால், அதனால் வீணாகும் நேரம் துன்புறுவோருடைய நேரமன்றோ?

ஆதலின், மாணாக்கர் சிறிய நிரலொன்றைத் தேர்ந்து, முதலில் அதனை இயக்கிப் பார்ப்பாராக. பின்னர் ஒரேயொரு செயலைப் பற்றிக்கொண்டு, அது எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது எனப் பென்சிலும் கையுமாகத் தொடர்வாராக. ஒரு வரியை மாற்றினால் யாது நிகழும் என்று முன்னரே எழுதிவைத்து, மாற்றிச் சோதித்தல் நன்று. இறுதியாக, தாம் இடறிய இடங்களைக் குறித்துக்கொண்டு, தம் நிரலிலும் அவை உளவா எனத் தேடுக. பிறர் நிரலில் ‘அ1’, ‘அ2’ என்னும் பெயர்களைக் கண்டு சலித்தவர் தம் நிரலில் அவ்வாறு பெயரிடத் தயங்குவார்.

நாளை நம் நிரலையும் எவரோ ஒருவர் படிப்பார். அவர் கேட்க எண்ணும் வேளையில் நாம் அருகில் இருக்கமாட்டோம். நாம் எழுதிய வரிகளே அவருக்கு விடை கூறல் வேண்டும்.