மறக்க முடியாத ஒரு சித்திரை வருடப்பிறப்பு

வருடங்கள் வந்து போகின்றன. அவற்றுடன் பண்டிகைகளும் வந்து போகின்றன. மருத்துநீர், புத்தாடை, பொங்கல், பலகாரம், கைவிசேஷம் என எல்லா வருடப்பிறப்பும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் ஏதோவொரு வருடத்தின் நினைவு மட்டும் நெஞ்சை விட்டு அகலுவதில்லை. என்னைப் பொறுத்தவரை 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் திகதி பிறந்த சுபகிருது வருடம் அத்தகையது.

அப்பொழுது நான் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். கொரோனாத் தொற்றுக் காரணமாகப் பிற்போடப்பட்டிருந்த அப்பரீட்சை மே மாதம் 23 ஆம் திகதி ஆரம்பமாகவிருந்தது. நாடோ கடும் பொருளாதார நெருக்கடியில் சிக்கித் தவித்துக்கொண்டிருந்தது. மார்ச் மாத இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றனர். 400 கிராம் பால்மாப் பைக்கற்றின் விலை 790 ரூபாவாகியிருந்தது. என் தந்தையார் ஒரு மேசன். சீமெந்து விலை ஏறியதால் வீடு கட்டுவோர் வேலையை நிறுத்திவிட்டனர். வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைப்பதே அரிதாயிற்று.

“இந்த முறை அம்மம்மாவுக்கும் தங்கச்சிக்கும் மட்டும் புது உடுப்பு. வெடி ஒண்டும் வேண்டாம்” என்று அப்பா கூறிவிட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் மனம் கேட்கவில்லை. உண்டியலில் சேர்த்து வைத்திருந்த பணத்தில் சந்திக் கடையில் ஒரு கட்டுச் சீனவெடி வாங்கி, புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில் வலிகாமப் பகுதியில் உள்ள ஒரு கிராமத்தில் இருக்கின்றது. அப்பா, அம்மா, அம்மம்மா, தங்கை, நான் ஆகியோருடன் எங்கள் குடும்பத்தில் இன்னுமோர் அங்கத்தவர் உண்டு. அவன்தான் எங்கள் நாய் வீமன். பெயர்தான் வீமன். இடி இடித்தால் அம்மம்மாவின் கட்டிலுக்குக் கீழே புகுந்துவிடுவான். நான் இரவில் படிக்கும்போது என் கதிரையின் காலடியில் படுத்திருப்பான்.

பக்கத்து வீட்டில் ஒரு மாமி வசிக்கின்றார். அவரிடம் ஒரு பசு உண்டு. முன்னர் இரு வீட்டுக்கும் இடையிலுள்ள வேலியில் ஒரு பொட்டு இருந்தது. அதனூடாகத்தான் பாலும் கறியும் கதையும் போய்வரும். 2020 ஆம் ஆண்டு வேலி அடைத்தபோது, ஒரு கதியால் தங்கள் பக்கம் தள்ளி நடப்பட்டதாக மாமி வீட்டார் கூற, அப்பா மறுக்க, வாய்த்தர்க்கம் முற்றியது. அன்றே பொட்டும் அடைக்கப்பட்டது. அதன் பின்னர் இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீடுகளுக்கிடையே ஒரு வார்த்தையும் இல்லை.

வருடப்பிறப்புக்கு ஒரு வாரம் முன்னதாகவே அம்மா பலகார வேலையைத் தொடங்கினார். மின்வெட்டினால் அரைக்கும் ஆலை பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. எனவே கோடியில் கவிழ்ந்து கிடந்த உரலை அப்பா உருட்டி வந்து கழுவி வைத்தார். ஊறவைத்த பச்சையரிசியை அம்மாவும் நானும் மாறி மாறி இடித்தோம். தங்கை அரித்தாள். எரிவாயு இல்லாததால் எரிவாயு அடுப்பு மூலையில் கிடந்தது. அம்மம்மா முற்றத்தில் மூன்று கல் வைத்து, பன்னாடையும் பொச்சுமட்டையும் தென்னம்பாளையும் கொண்டு அடுப்பு மூட்டினார். வறுத்த பயற்றைத் திரித்த மாவுடன் சர்க்கரைப் பாகும் வறுத்த தேங்காய்ப்பூவும் ஏலக்காயும் சேர்த்து உருண்டை பிடித்து, அரிசிமாக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் இட்டபோது, பயற்றம் பணியாரத்தின் வாசம் ஒழுங்கை வரை சென்றது. வீமன் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“பொங்கலுக்குப் பசுப்பால் இருந்தால் எவ்வளவு நல்லது!” என்று அம்மம்மா பெருமூச்செறிந்தார். வேலிக்கு அப்பால் பசு கத்தும் ஓசை எங்களுக்குக் கேட்டது. எனினும் போய்க் கேட்பதற்கு எவரும் முன்வரவில்லை. “தேங்காய்ப் பாலிலை பொங்குவம்” என்று அம்மா முடித்துவிட்டார்.

வருடப்பிறப்பு நாளும் வந்தது. சூரியன் மேட இராசியில் பிரவேசிக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னுமுள்ள நான்கு நான்கு மணித்தியாலங்கள் விஷு புண்ணியகாலமாகும். அவ்வேளையில் மருத்துநீர் வைத்து நீராடுதல் எமது மரபு. பூக்கள், இலைகள், மஞ்சள், மிளகு, திப்பிலி முதலியவற்றுடன் பாலும் கோசலமும் சேர்த்துக் காய்ச்சப்படும் மருத்துநீரை முதல் நாளே கோயிலில் வாங்கி வந்திருந்தோம். பஞ்சாங்கம் கூறிய இலைகளைத் தலையிலும் காலடியிலும் வைத்து, அம்மம்மா எங்கள் தலைகளில் மருத்துநீரைத் தடவினார். நீராடி வந்தபின் அம்மா முற்றத்தில் அரிசிமாக் கோலமிட்டு, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கேற்றினார். அப்பா புதுப்பானையை அடுப்பில் ஏற்றினார்.

பானை பொங்கி வழிந்தது. “பொங்கலோ பொங்கல்!” என்று தங்கை துள்ளினாள். அந்த நேரத்துக்காகவே காத்திருந்த நான் ஓடிச் சென்று சீனவெடியை எடுத்து வந்து, படலையடியில் வைத்துக் கொளுத்தினேன். படபடவென்று வெடித்தது. அப்பா திரும்பிப் பார்த்தார். ஏசவில்லை, ஆனால் அவரது முகம் வாடியது. காசை எண்ணிப் பார்த்திருப்பார் என்று எண்ணினேன். புகை அடங்கியபின் தங்கை கேட்டாள்: “அண்ணா, வீமன் எங்கை?”

கட்டிலுக்குக் கீழே இல்லை. கோடியில் இல்லை. கிணற்றடியில் இல்லை. சற்று நேரத்தில் வருவான் என்று எண்ணினோம், வரவில்லை. ஊரெங்கும் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் அப்பாவும் துவிச்சக்கரவண்டியில் ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடினோம். கோயில் வீதியிலும் வாசிகசாலையடியிலும் பாடசாலை மைதானத்திலும் தேடினோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு என் தொண்டை கட்டிவிட்டது. எதிரே ஒவ்வொரு வாகனம் வரும்போதும் நெஞ்சு பதைத்தது.

நண்பகலாகியது. வாழையிலையில் பொங்கல் ஆறிப்போய்க் கிடந்தது. அம்மம்மா மட்டும் திண்ணையை விட்டு எழும்பவில்லை. “அந்த வாயில்லாச் சீவன் பசியோடை எங்கை நிக்குதோ? எனக்கு எப்பிடிச் சோறு இறங்கும்?” என்றார். தங்கை விம்மி விம்மி அழுதாள். நான் கொளுத்திய வெடி சில விநாடிகளே வெடித்தது. அதனால் வீட்டின் மகிழ்ச்சி முழுவதும் கருகிவிட்டதை எண்ணி நான் கூனிக் குறுகி நின்றேன்.

அப்பொழுது வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. “தம்பி, அழவேண்டாம் எண்டு தங்கச்சிக்குச் சொல்லு. உங்கடை நாய் எங்கடை அடுப்படியிலைதான் கிடக்குது.”

இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் நாங்கள் கேட்ட மாமியின் குரல் அது. நானும் தங்கையும் ஒழுங்கையால் சுற்றி ஓடினோம். விறகுக் குவியலுக்கும் சுவருக்கும் இடையில் வீமன் ஒடுங்கிப் படுத்திருந்தான். உடல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு சிரட்டையில் பால் இருந்தது. “கோயிலாலை வந்து பாத்தன். வேலிக்குக் கீழாலை புகுந்து வந்திருக்குது. கூப்பிட்டுச் சொல்லுவமெண்டுதான் நினைச்சன். இவ்வளவு காலம் கதைக்காமல் இருந்திட்டு எப்பிடிக் கூப்பிடுறது எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டன். பிள்ளை அழுற சத்தம் கேட்டாப் பிறகு மனம் பொறுக்கேல்லை” என்றார் மாமி. அவர் கண்களும் கலங்கியிருந்தன.

வீட்டுக்கு வந்து விடயத்தைக் கூறினோம். அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு தட்டில் பொங்கலும் பணியாரமும் முறுக்கும் எடுத்து வைத்தார். அம்மம்மா தட்டை வாங்கி அப்பாவின் கையில் கொடுத்து, “நீர்தான் கொண்டு போகவேணும்” என்றார். அப்பா சற்று நேரம் நின்றார். பின்னர் சால்வையைத் தோளில் இட்டுக்கொண்டு புறப்பட்டார். திரும்பி வந்தபோது அவரது கையில் ஒரு செம்பு பசுப்பாலும், பின்னால் வீமனும் இருந்தனர். அதன் பிறகே அம்மம்மா இலையில் கை வைத்தார். அன்று மாலை மாமி வந்து எனக்கும் தங்கைக்கும் வெற்றிலையில் வைத்துக் கைவிசேஷம் தந்தார். இருபது ரூபாத் தாள்தான். அதனை நான் இன்னும் செலவழிக்கவில்லை.

நாய்களைப் பற்றி அதன் பின்னர்தான் நான் தேடி வாசித்தேன். மனிதனின் செவிக்கு ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் மீடிறன் வரையான ஒலியே கேட்கும். நாயின் செவிக்கோ ஏறத்தாழ 45,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். எமக்குக் கேட்காத மெல்லிய ஓசைகளும் அதற்குக் கேட்கும். அத்தகைய செவிக்கு அருகில் வெடிக்கும் வெடி எத்தகைய துன்பம் தரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வெடி கொளுத்தும் நாட்களில் நாயை வெளியே கட்டி வைக்காமல், உள்ளறையில் கதவு யன்னலைச் சாத்தி, குடிக்க நீர் வைத்து, வானொலியை மெல்லப் போட்டு, ஒருவர் உடனிருந்தால் அதன் பயம் குறையும். அன்பு மிகுதியால் பண்டிகை உணவைக் கொடுப்பதும் தவறு. பொங்கலில் இடும் முந்திரிகை வற்றல் நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. சொக்கலேற்றும் வெங்காயமும் அதற்கு நஞ்சாகும்.

வருடப்பிறப்பு முடிந்த வாரத்தில் அப்பா கத்தியுடன் வேலியடிக்குச் சென்றார். வீமன் புகுந்த இடத்திலிருந்த மட்டைகளை வெட்டி விலக்கி, ஆள் குனிந்து செல்லக்கூடிய அளவுக்கு மீண்டும் ஒரு பொட்டு வைத்தார். வேலிக்கு அப்பால் மாமி விலக்கிய மட்டைகளை வாங்கி அடுக்கினார். கதியாலைப் பற்றி இருவரும் எதுவும் பேசவில்லை. நான் பரீட்சைக்குச் சென்ற முதல் நாள் காலையில், அந்தப் பொட்டினூடாக எனக்கு ஒரு கோப்பை பால் வந்தது.

பண்டிகை என்பது செலவில் இல்லை, சத்தத்திலும் இல்லை. அது வீட்டிலுள்ள மிக எளிய உயிருக்கும் அச்சமின்றிக் கிடைக்கவேண்டிய மகிழ்ச்சியாகும். அதற்குப் பின் வந்த எந்த வருடப்பிறப்புக்கும் நான் வெடி வாங்கியதில்லை. பானை பொங்கும் நேரத்தில் வீமன் என் காலடியிலேயே படுத்திருக்கின்றான்.