இருநூற்று முப்பது கிராம்

திருநகர் மூணாவது ஸ்டாப் பக்கம் எங்கள் வீடு. மொட்டை மாடியில் நின்றால் திருப்பரங்குன்றம் மலை தெரியும். மலையேற்றத்துக்கென்று நான் வாங்கிய ஒவ்வொரு அடுப்பையும் முதலில் பற்றவைத்தது அந்த மாடியில்தான். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க எத்தனை நிமிடம், எத்தனை கிராம் எரிபொருள் என்று எக்செல்லில் குறித்துக்கொள்வேன். துணி எடுக்க வரும் அம்மா பார்த்துவிட்டுச் சொல்வாள்: "கீழ ரெண்டு பர்னர் சும்மா கெடக்கு. இவன் இங்க சொப்பு வச்சு வெளயாடுறான்."

கணக்கு எளிதுதான். 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க சுமார் 335 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பாதி வெப்பம் காற்றோடு போகும் என்று வைத்துக்கொண்டால் பியூட்டேன் 15 கிராம் போதும். ஸ்பிரிட் என்றால் 25 கிராம். முதுகில் சுமப்பவனுக்கு இந்தப் பத்து கிராம் பெரிய விஷயம். ஆனால் ஸ்பிரிட் அடுப்பைக் குளிர்பான டின்னை வெட்டி நானே செய்துவிடலாம், செலவே இல்லை. அதனால் அதில்தான் தொடங்கினேன்.

ஸ்பிரிட்டின் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. படித்திருந்தேன். இருந்தும் ஒரு மத்தியானம், அணைந்துவிட்டது என்று நினைத்து பாட்டிலைச் சாய்த்தேன். குப்பென்று மேலே வந்தது. மணிக்கட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது. கையைக் குழாய்க்கடியில் பிடித்துக்கொண்டே அம்மா திட்டினாள்: "எரியிற அடுப்புல எண்ணெய ஊத்தக் கூடாதுன்னு பம்ப் ஸ்டவ் காலத்துல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்டா!"

அவளுக்குத் தெரியும். ஸ்டவ் பின்னால் நாசிலைக் குத்தி, கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி, அப்புறம் பம்ப் அடித்து என வருஷக்கணக்கில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்தவள். 1892இல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிரைமஸின் வாரிசு அது. ஆமுண்ட்சன் தென் துருவத்துக்கு எடுத்துப்போன அடுப்பின் உறவுக்காரி எங்கள் அடுக்களையில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

தழும்புக்குப் பிறகு கேஸ் டப்பாவுக்கு மாறினேன். கைக்குள் அடங்கும் 230 கிராம். மேலே அடுப்பைத் திருகினால் வேலை முடிந்தது. வெறும் பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாக மறுத்துவிடும். அதனால் இமயமலைக் குளிருக்கு ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது நல்லது. இப்படி எல்லாவற்றையும் யோசித்த நான், பெங்களூரிலிருந்து மதுரைக்கு ரயிலில் வரும்போது அந்த டப்பாவைத் துணிகளுக்கு நடுவே சுருட்டி வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. ரயிலில் கூடாது என்பது தெரியும். 'இந்தத் துக்கடா டப்பாவா ரயிலை எரிக்கப்போகுது?' என்பது என் சமாதானம்.

2023 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை. வீட்டில்தான் இருந்தேன். உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்களின் தனிப் பெட்டி, மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. விடியற்காலையில் அது எரிந்தது. யாத்ரீகர்கள் ரகசியமாகக் கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம் என்றது ரயில்வே. ஒன்பது பேர் இறந்தார்கள். டிவி முன்னால் நின்ற அம்மா மெதுவாகச் சொன்னாள்: "ஒரு வாய் டீ போடத்தானடா பத்த வச்சிருப்பாங்க."

என் டப்பா அப்போது கட்டிலுக்கடியில் பைக்குள் இருந்தது.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். கூடாரத்துக்குள் அடுப்பு கூடாது என்பதற்காக இதை நானே குறித்து வைத்திருக்கிறேன். கார்பன் மோனாக்சைடு பற்றியும்தான். அந்தக் குறிப்பில் ரயில் பெட்டி வரவே இல்லை. எடை, நிமிடம், விலை எல்லாவற்றுக்கும் என் எக்செல்லில் ஒரு பத்தி இருந்தது. மேல் பெர்த்தில் தூங்குகிற ஆளுக்கு இல்லை. அவர்களுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் அளவு மட்டும்தான்.

அதற்கு முன்பே 2018 மார்ச் 11 வந்துபோயிருந்தது. குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். தீக்காயம்பட்ட பலரை மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அது எந்த அடுப்பும் வைத்த தீ என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் காய்ந்த புல் நிற்கும் சரிவில் தீ எவ்வளவு வேகமாக மேலேறும் என்பதை அது காட்டியது. அதைப் படித்துவிட்டும் நான் 'காற்றுத் தடுப்பு உள்ள அடுப்பு எது' என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் டப்பாவில் மிச்சமிருந்ததை மாடியிலேயே எரித்துத் தீர்த்தேன். முதலில் இரண்டு டம்ளர் டீ. அப்புறம் அம்மா குளிக்க வெந்நீர். சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது.

இப்போது ரயிலிலோ விமானத்திலோ எரிபொருள் எடுத்துப்போவதில்லை. மணாலி போனால் மணாலியில் வாங்குகிறேன். அனுமதி உள்ள இடத்தில், கூடாரத்துக்கு வெளியே, வெறும் பாறைமேல் மட்டும் பற்றவைக்கிறேன். ஆறிய பிறகுதான் கழற்றுகிறேன். நம்மூர் மலைகளுக்கு அடுப்பே கிடையாது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படியும் குற்றம்.

போன தடவை மலைக்குக் கிளம்பும்போது அம்மா புளியோதரைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். தூக்கிப் பார்த்தேன். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அடுப்பும் டப்பாவும் சேர்ந்தாலே அதில் பாதி வராது.

"கனக்குதா?" என்றாள்.

"இல்லம்மா."